ஜெட்டுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

“செத்தவங்களுக்குப் போடற மாதிரியே வேணுங்க அம்மிணி. ஒண்ணுங் குறையக் கூடாது” என்றார் நவநீதகிருஷ்ணன்.

செத்தது ஒரு விமானம்.

செத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒலியை முந்திப் பறக்கும் அந்தப் போர் விமான ரகத்துக்கே வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. அறுபத்திரண்டு வருடம் பறந்தது போதும் என்று அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது.

ஓமலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஃபிளெக்ஸ் கடை தனப்பிரியாவுடையது. அவளுடைய கம்ப்யூட்டரை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் அவர். நாமக்கல்லில் கோழித்தீவன வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், தீவனத்தை மறந்துவிட்டுக் கேமராவும் கையுமாக ஓமலூர் விமான நிலைய வேலியோரம் வந்து நின்றுவிடுவார். அவரையும் சேர்த்து இந்தப் பக்கத்தில் விமானப் பைத்தியங்கள் பதினோரு பேர். வெள்ளிக்கிழமை அந்த வேலியோரம் கட்டத்தான் இந்த ஃபிளெக்ஸ்.

வேறொரு நாளாக இருந்தால் அடக்க முடியாமல் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்தே அவளுக்கு எதுவும் வரவில்லை.

காலை ஏழு மணிக்குக் குமாரபாளையத்திலிருந்து அவளுடைய அண்ணன் பிரபாகரின் படத்தை அப்பா அனுப்பியிருந்தார்.

பிரபாகர் கடலில் காணாமல் போய் ஏழு வருடம். உடல் கிடைக்கவில்லை. வீட்டில் இத்தனை நாளும் அவன் படத்துக்கு யாரும் பொட்டு வைத்ததில்லை, மாலை போட்டதில்லை. இனிமேலும் காத்திருந்து என்ன ஆகப்போகிறது, நாளைக்கு மகாளய அமாவாசை, காரியத்தை முடித்துவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். படத்துக்கு மாலை போட்டுப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சாயங்காலத்துக்குள் தனப்பிரியா கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மாலை போடுவது அவளுக்கு ஒரு க்ளிக் வேலை. ரோஜா, சம்பங்கி, ஏலக்காய் என்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் நிறைய மாலைகள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் போய்ச் சேர்ந்த எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறாள். அண்ணன் படத்தை மட்டும் நாலு தடவை திறந்து நாலு தடவை மூடிவிட்டாள்.

அதற்கு இந்த விமான வேலை தேவலை என்றிருந்தது. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டாள். ஓரத்தில் நீர் சொட்டும் கண்ணை வைத்தாள். கீழே இரண்டு குத்துவிளக்கு. தோற்றம் 1963, மறைவு 2025 என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். ‘துயரத்தில் வாடும்’ பதினோரு பேரையும் வரிசையாகப் போட்டாள். தீவனக் கடையின் செல் நம்பரும் வர வேண்டும் என்றார்.

அதற்காக அவர் துக்கத்தைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயதில் ஒரு தடவை அந்த விமானம் தலைக்கு மேலே போனபோது இரண்டு நாள் காது அடைத்துக்கிடந்ததாம். காது அடைத்த கதையைச் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் இரும்புக்காக அழ முடிகிற மனிதரைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

“சின்னப் படத்தைப் பெரிசு பண்ணினா உடைஞ்சு போகுமுங்க. ஒரிஜினல் இருக்குதுங்களா?”

இல்லாமலா? பென்டிரைவை நீட்டினார். ஐந்து வருடமாக அவர் செல்போனைத் திறந்தால் முதலில் தெரிகிற படம் அது. இறக்கை எத்தனை அடி, வால் எத்தனை அடி, எஞ்சின் என்ன எடை என்று அதைக் காட்டிக் காட்டி ஒப்பித்தார். படத்தில் விமானம் அப்போதுதான் தரையை விட்டு எழும்பியிருந்தது.

பின்னால் இருந்த வானத்தை வெட்டி எடுக்க வேண்டும். விளிம்பு பிசிறு தட்டாமல் இருக்கப் படத்தை நன்றாகப் பெரிதாக்கி, மூக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தாள். கண்ணாடிக் கூண்டுக்கு வந்ததும் கை நின்றது.

உள்ளே ஒரு ஹெல்மெட் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி முகத்தை மூடியிருந்தது. யார் என்று சொல்ல முடியாது. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

பிரபாகர் ஓட்டியதும் இந்த ரகம்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடலுக்கு மேலே போனான். விமானமும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. இதை அவள் நவநீதகிருஷ்ணனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

“எல்லாம் அம்சமா வந்திருச்சுங்க. மாலையை மட்டும் நல்ல பெரிய ரோசா மாலையாப் போட்டுருங்க.”

அவள் கை பழக்கத்தில் ஃபோல்டரைத் திறந்தது. ரோஜா மாலையை இழுத்து வந்து விமானத்தின் மேல் விட்டது. மாலை கண்ணாடிக் கூண்டின் மேலேயே விழுந்து ஹெல்மெட் மறைந்துபோனது.

தனப்பிரியா மாலையை எடுத்துவிட்டாள்.

“ஏனுங்க அம்மிணி, மாலை வேண்டாமுங்களா?”

“வேண்டாமுங்க” என்றாள். “உள்ளார ஆளு உக்காந்திருக்குதுங்க.”