நீலக் கோட்டு அம்மா

"இந்தப் போட்டோவை முதல்ல தூக்குங்க. கம்பெனி மாதிரியா இருக்கு?"

நடுவர் பாக் ஹென்ட்ரோ திரையைக் காட்டிக் கேட்டதும் அரங்கமே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

திரையில் எங்கள் வெப்சைட். 'எங்கள் குழு' என்ற பக்கம். அதில் எங்களுக்குத் துவைத்துத் தரும் இபு சுமியாத்துன் ஈரக் கையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பின்னால் கொடியில் யாருடைய ஜீன்ஸோ தொங்க, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் 'இபு' என்றால் அம்மா, 'பாக்' என்றால் ஐயா.

இந்தோனேசியாவில் எங்கள் மாலாங் ஊரில் படிக்கிற பசங்களின் அழுக்குத் துணியை ஆன்லைனில் பிடித்து, எங்கள் சந்துப் பெண்களிடம் துவைக்கக் கொடுத்து, மடித்துத் திருப்பித் தருவதுதான் எங்கள் ஸ்டார்ட்அப். வெப்சைட் முழுக்க என்கூடப் படிக்கிற வெனிங்கின் கைவேலை. பைக்கில் மூட்டை தூக்குவது நான். என் பெயர் தெகார். இரண்டு பேரும் மூன்றாம் வருஷம்.

இன்றைக்கு இந்தப் போட்டியில் தேர்வானால் கம்பெனி நடத்தக் கல்லூரியிலேயே ஒரு வருஷத்துக்கு இலவச அறை கிடைக்கும். ஆகாவிட்டால் வெனிங் கதை முடிந்தது. "ஊருக்கு, ப்ளித்தாருக்கே வந்து நம்ம முட்டைக் கடையில உட்காரு, கம்ப்யூட்டர் பைத்தியம் போதும்"னு அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் காலையிலேயே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"வெனிங், போட்டோவை மாத்திடுவோம். நெட்ல இலவசமா நாலு எடுத்து வச்சிருக்கேன். இதைப் பாரு, நீலக் கோட்டு, முத்துத் தோடு, என்னா களை! 'தலைமைச் சலவை அதிகாரி'ன்னு போட்டா எவன் கேட்கப் போறான்?"

"இது யாரு?"

"யாரோ ஒரு வெள்ளைக்காரி."

"அவளா வந்து துவைக்கிறா? இபு சுமிதானே துவைக்கிறாங்க? அவங்க மூஞ்சிதான் இருக்கும். பிடிக்காதவன் அழுக்குச் சட்டையோட திரியட்டும்."

சரியான பிடிவாதக்காரி. இப்போது பாருங்கள், மாட்டிக்கொண்டு முழிக்கிறோம்.

பாக் ஹென்ட்ரோ விடுவதாக இல்லை. ஊரில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி அவருடையது.

"இந்த முகத்தைப் பார்த்தா எவன் துணியை நம்பிக் கொடுப்பான்?"

"அவங்களையே கேளுங்க பாக். பின்னாடிதான் இருக்காங்க" என்றாள் வெனிங்.

எல்லாத் தலையும் திரும்பியது. கடைசி வரிசையில் இபு சுமியாத்துன், இருக்கிறதிலேயே நல்ல பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்களுக்காகப் பொரித்த சோயா தெம்பேப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

பாக் ஹென்ட்ரோவுக்கு வெட்கமாவது வந்ததா? அதுதான் இல்லை.

"மன்னிக்கணும் இபு, தொழில்னா தொழில்தான். இதோ பாரும்மா, போட்டோவை இங்கேயே இப்பவே மாத்து. என் ஓட்டு உனக்கு, அறையும் உனக்கு. மாட்டேன்னா உன் இஷ்டம்."

மேஜைக்குக் கீழே அந்த நீலக் கோட்டு போட்டோவோடு என் லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன். "மாத்தித் தொலையேன். ஒரு நிமிஷ வேலை. முட்டைக் கடையை நினைச்சுப் பாரு!"

வெனிங் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. ஆனால் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

"மாத்த மாட்டேன் பாக். அறை போனா போகட்டும். பொய் மூஞ்சியைக் காட்டி எவன் சாரோங் கைலியையும் வாங்கித் துவைக்கணும்னு எங்களுக்கு எழுதி வைக்கலை."

"பொய்யா? யாரைப் பார்த்து என்ன பேசற? ஒரு கம்பெனின்னா எப்படி இருக்கணும்னு நான் காட்டறேன்!"

விறுவிறுவென்று போய்த் தன் கம்பெனி வெப்சைட்டைத் திரையில் போட்டார். வரிசையாக முகங்கள். எல்லாப் பல்லும் ஒரே டாக்டரிடம் சுத்தம் பண்ணிக்கொண்ட மாதிரி இருந்தது.

"இதோ, எங்க நிதி அதிகாரி. பன்னிரண்டு வருஷமா என்கூட இருக்காங்க. பார்த்ததும் நம்பிக்கை வருதா இல்லையா?"

நீலக் கோட்டு. முத்துத் தோடு.

திரையைப் பார்த்தேன். குனிந்து மேஜைக்குக் கீழே என் லேப்டாப்பைப் பார்த்தேன். அதே முகம். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, எழுந்து லேப்டாப்பை நடுவர்கள் பக்கம் திருப்பித் தூக்கிப் பிடித்தேன்.

"பாக், இந்த அம்மாவுக்கு எங்ககிட்டயும் வேலை போட்டு வச்சிருக்கேன். தலைமைச் சலவை அதிகாரி!"

முன்வரிசைதான் முதலில் வெடித்தது. அப்புறம் அரங்கம் முழுக்க ஒரே சிரிப்பு. தலைமை நடுவர் இபு ரத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையையும் என் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாக் ஹென்ட்ரோ, இந்தப் பிள்ளைங்களோட ஆள் அதோ உட்கார்ந்திருக்காங்க. உங்க ஆள் எங்கே?"

பாக் ஹென்ட்ரோ அவசரமாகத் தன் வெப்சைட்டைத் திரையிலிருந்து மூடினார்.

இபு ரத்ரி அறைச் சாவியை மேஜைமேல் வெனிங் பக்கம் தள்ளினார்.

கைதட்டல் அடங்குவதற்குள் கடைசி வரிசையிலிருந்து இபு சுமியாத்துன் குரல் கணீரென்று வந்தது.

"அந்தப் பொண்ணு ரெண்டு எடத்துலயா வேலை பாக்குது? பாவம்! நாளைக்கு எங்க சந்துக்கு அனுப்பி வைங்க பாக், போர்வை நெறையக் கெடக்கு."