செவ்வாய்க்குப் போன கேப்டன்

"கேப்டன் செத்துட்டான்னு எவன் சொன்னது? பொணத்தக் கண்ணால பார்த்தியா நீ?"

மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆதியம்மாள் இப்படிக் கேட்டதும் தர்மராஜ் சிரித்தான். கல்பாக்கத்தில் ஸ்டோர் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் கடற்கரையில் பேன்ட் போட்டு நடக்கிற ஒரே ஆள்.

"செவ்வாய்ல காத்தே கெடையாது ஆதிம்மா. கப்பல் கதவ உள்ளேருந்து சாத்திட்டானே அந்தத் துரோகி! கேப்டன் வெளிய மூச்சுக்கு இன்னா பண்ணுவான்? தி.நகர்ல மச்சினன் வூட்டு டிவில நானும்தான் வாராவாரம் பார்த்துகினு இருந்தேன். கேப்டன் அவுட்."

"காத்து இல்லாத ஊருக்குப் பாய் விரிச்சு எப்படிப் போனான்?"

"பாய் இல்ல ஆயா, ராக்கெட்டு!"

'செவ்வாய்க் கப்பல்' நாடகத்தைப் பற்றித்தான் இந்தச் சண்டை. அப்போது கோவளத்தில் யார் வீட்டிலும் டிவி இல்லை. மீனுக்கு ஐஸ் வாங்கப் புதன்கிழமை மெட்ராஸ் போய்வரும் பூவராகவன், வியாழக்கிழமை காலை மணலில் நின்று சொல்வதுதான் ஊருக்கே டிவி. கேப்டன் சேது செவ்வாய் மண்ணில் தனியாக நிற்க, முதல் பாகம் முடிந்து இரண்டு மாதமாகிறது. கூடைக்காரிகள் பாதிப் பேர் அவனுக்காக நேர்ந்துகொண்டிருந்தார்கள்.

பூவராகவனுக்குத் தொழில், கரையில் மீன் ஏலம் கூறுவது. அவர் சொல்லும் விலையைப் படகுக்காரனும் நம்புவான், கூடைக்காரியும் நம்புவாள். வாய்ச்சொல்தான் அவருடைய முதல்.

"அண்ணாத்த, நீயே சொல்லு. கேப்டன் வருவானா மாட்டானா?" என்று பக்கத்தில் நின்ற அவரையே கேட்டான் தர்மராஜ்.

"வருவான். வரலன்னா நாளையிலேருந்து நான் ஏலமே கூறல. போதுமா?"

"கேட்டுக்கோங்க எல்லாரும்! ஆவணி மொத ஞாயிறு ரெண்டாம் பாகம்னு அண்ணாத்தயே சொல்லிக் கீறாரு. இன்னிக்குத்தான் அது. பஞ்சாயத்து ஆபீசுக்கு நேத்தே டிவி வந்து எறங்கிடுச்சு. சாயங்காலம் நேர்லயே பார்த்துடலாம்."

விலை படிந்த பிறகு மீனின் செவுளைத் திறந்து பார்த்தவர் போல் ஆனது பூவராகவன் முகம்.

"டிவியா? இங்கயா? எனக்கு யாரும் சொல்லலயே!"

"சொன்னா பந்தயம் கட்டியிருக்க மாட்டியே அண்ணாத்த!"

சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. மரப்பெட்டியின் கதவைத் திறந்து குமிழைத் திருகினார்கள். முதலில் திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. பிறகு ஓர் அதிகாரி வந்து வேர்க்கடலைப் பூச்சியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஓர் அம்மாள் வீணை வாசித்தார். ஒவ்வொன்று முடியும்போதும் "இப்ப வரும் பாரு, கப்பல்!" என்று கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பூவராகவன் மெல்ல எழுந்தார்.

"எங்க நழுவற?" ஆதியம்மாள் அவர் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மீனுக்கு ஐஸ் போடணும் ஆதி..."

"மீனு எங்கயும் போவாது. உக்காரு."

செய்தி வந்தது. செய்தி வாசித்தவர் வணக்கம் சொன்னார். பெட்டி இருண்டது. ஊர் முழுவதும் பூவராகவனைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னா அண்ணாத்த, கப்பலே வரல? இன்னிக்குன்னு நீதான சொன்ன?" என்றாள் ஆதியம்மாள்.

அலைச் சத்தத்துக்கு மேலே ஏலம் கூறுகிறவர், அவள் பிடியிலிருந்த துண்டை மெல்ல இழுத்தார். "அது... அது வந்து ஆதி..."

இனி எந்தக் கூடைக்காரி அவர் சொல்லும் விலையை நம்புவாள்?

"அவர இன்னாத்துக்குக் கேக்கறீங்க? அவருக்கு எப்படித் தெரியும்?" தர்மராஜ் எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டினான். "கேப்டனா நடிக்கறவருக்கு மஞ்சக்காமாலை. ஷூட்டிங் நின்னுடுச்சு. பொங்கலுக்கு அப்புறம்தான் ரெண்டாம் பாகம். மச்சினன் லெட்டர் போட்டிருந்தான். மொதல்லயே சொன்னா டிவி பார்க்க யாரும் வர மாட்டீங்கன்னு கம்முனு இருந்தேன்."

"அடப் பாவமே! கீழாநெல்லிய மோர்ல அரைச்சுக் குடுக்கச் சொல்லி உன் மச்சினனுக்கு எழுது!" என்றாள் ஆதியம்மாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "அப்ப பொங்கல் வரைக்கும் கேப்டன் உயிரோடதான கீறான்? அண்ணாத்த, காலையில நேரத்தோட ஏலத்துக்கு வந்துடு!"

கூட்டம் கலைந்தது. பூவராகவனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் போகும் தர்மராஜை நன்றியோடும் வியப்போடும் பார்த்தார்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒருநாள் படகு வரத் தாமதமானபோது, கூடைக்காரிகள் பஸ் ஏறிப் போய்விடாமலிருக்க அவர் நின்ற இடத்திலேயே அவிழ்த்துவிட்ட கதைதான் 'செவ்வாய்க் கப்பல்'. அதைத் தர்மராஜ் மட்டும் எப்படித்தான் தி.நகரில் வாராவாரம் பார்த்தானோ!