செண்பகவல்லியின் ஓரப்பார்வை

மழைக்கு ஒதுங்கிய பல்லி ஒன்று, பழைய ஜமீன் மாளிகையில் செண்பகவல்லி அம்மாளின் படத்துக்குப் பின்னால் குடியேறியது. இருநூறு வருஷத்துக்கு முந்தி வரைந்த படம். கழுத்தில் அட்டிகை தகதகக்கும். கண் மட்டும் ஒரு பக்கமாய் ஒதுங்கியிருக்கும்.

வருகிறவர்கள் அந்தக் கண்ணில்தான் சொக்கிப் போனார்கள். "என்ன நாணம்!" என்றார் ஒருவர். "புருஷன் வருகிற வழியைப் பார்க்கிறாள்" என்று உருகினார் இன்னொருவர்.

பல்லிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டத்தின் மேல் ஊர்ந்து வந்து, "யாரைத் தாயி அப்படிப் பார்க்கறீங்க?" என்று கேட்டது.

"மெதுவாப் பேசு" என்றாள் அம்மாள், உதடு அசையாமல். "இந்த அட்டிகை என் ஓரகத்தியோடது. படம் எழுதறதுக்குன்னு இரவல் வாங்கினேன். அடுத்து அவளை எழுதணும், கழட்டிக் குடுடின்னு பக்கத்திலேயே நின்னா. நான் குடுக்கலை."

"அந்தம்மா போய்ச் சேர்ந்து எத்தனை காலமாச்சு! இனிமே நிம்மதியா நேரே பாருங்களேன்."

"எங்கே போனா? வலப்பக்கச் சுவரைப் பாரு."

பல்லி தலையை நீட்டிப் பார்த்தது. அங்கே இன்னொரு படம். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறோடு ஒரு அம்மாள், அட்டிகையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தின் எதிரே கைகட்டி நின்ற, மாளிகை பார்க்க வந்த ஒருவர் சொன்னார்: "ஆகா, என்ன கனிவான பார்வை!"