நடந்து வந்த ஹெல்மெட்

குடியை விட்டவர்கள் கூடும் இடத்தைத் தேடிக் கத்திரி வெயிலில் கிளம்பினேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் என் கையால் அடி வாங்காதது கோயில் மணி மட்டும்தான். தெரிந்தவர் எவராவது பார்த்துவிட்டால் தொலைந்தேன் என்று மகனின் பழைய ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நடந்தே போனேன். உள்ளே என் மூளை இட்லிபோல வெந்துகொண்டிருந்தது.

கடைத்தெரு முனையில் வழி தெரியாமல் நின்றேன். வாயே திறக்கவில்லை. வாழைப்பழம் விற்கும் அம்மா கையை நீட்டி, "குடியை விடுற கூட்டம்தானே? அந்த மஞ்சக் கட்டடம், மாடில. பாத்து ஏறுங்க, படி செங்குத்தா இருக்கும்" என்றார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"வண்டி இல்லாம ஹெல்மெட்டோட வர்றவங்க எல்லாரும் அங்கதான் போறாங்க."

மாடி அறையின் ஜன்னல் மேடை முழுக்கத் தூசி படிந்த ஹெல்மெட்டுகள். ஒரு படைக்கே போதும். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "கழட்டுங்கண்ணே, காத்து வரட்டும். நான் குரங்குக் குல்லாவோட வந்தவன்" என்றார். அறையே சிரித்தது. கழற்றினேன். எதிர் பெஞ்சில் என் பழைய மாணவர்கள் மூன்று பேர். என்னைப் பார்த்து அவர்கள் எழுந்து நிற்கவில்லை; நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஹெல்மெட்டை ஜன்னலிலேயே விட்டுவிட்டு வெறுந்தலையோடு இறங்கி வந்தேன். அந்த அம்மா யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பழம் வேணுமா சார்?"