முப்பத்தெட்டாவது மீட்டர்

தெப்ராவ் கோல்ப் திடலின் இருநூறு மீட்டர் தூரத்தைக் குறிக்கும் கம்பத்திலிருந்து நீளும் டேப்பின் நுனி பிரேமலாவின் கையில் இருக்கிறது. காலை வெயிலில் கிளப் உறுப்பினரான பெரும்புள்ளி டத்தோ அடித்த பந்தருகே குனிந்து, "முப்பத்தொன்னு" என்கிறாள். கைதட்டல் எழுகிறது. "கிளப்புலேயே ஆகத் தூரம்! பலகையில பேர் எழுதிடலாம்," என்கிறார் மேற்பார்வையாளர் திருச்செல்வம். நேற்று, மட்டைப் பை தூக்கும் கேடிகள் ஆடிக்கொள்ளும் திங்கட்கிழமையில், அவள் அடித்த பந்தை முப்பத்தெட்டு என்று அளந்தவரும் அவர்தான். அந்த இடத்தில் அவள் குத்திய வெள்ளைக் குச்சி இன்னும் ஈரப் புல்லில் நிற்கிறது. "அண்ணே, அப்ப என்னோடது?" "கேடி அடிச்சதெல்லாம் சேர்த்தி இல்லலா. டிகிரி முடிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா? டேப்பச் சுத்து." பிரேமலா சுற்றவில்லை. டேப்பை இழுத்தபடி பந்தைத் தாண்டி நடக்கிறாள். குச்சியை அவள் தொடும்போது கைதட்டல் நின்றிருக்கிறது.