சுவாசப் பிரிவுச் சான்றிதழ்

நர்ஸ் செங்கமலத்துக்குப் பத்தொன்பது வருட அனுபவம். ஆனால் சுவாசப் பிரிவுச் சான்றிதழ் இல்லை. அதனால் சுவாசப் பிரிவில் படுத்திருந்த ஒரு பெரியவரின் கட்டிலை நெருங்கியதும் அவளுடைய அடையாள அட்டையின் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"தள்ளி நில்லும்மா! சான்றிதழ் இல்லாத கை எங்கப்பா மேல படக்கூடாது," என்று மகன் தணிகைவேல் வழிமறித்தான்.

"தொண்டைக் குழாய்ல சளி அடைச்சிருக்கு சார். இப்பவே உறிஞ்சி எடுக்கணும், வழி விடுங்க!" என்று அவள் கெஞ்சினாள்.

"தொட்டா போலீஸ்தான்."

சான்றிதழ் பெற்ற நர்ஸ் நான்காவது மாடியிலிருந்து ஓடி வருவதற்குள் பெரியவரின் மூச்சு நின்றுவிட்டது.

தணிகைவேல் செங்கமலத்தின் தோளைப் பிடித்து உலுக்கினான். "தெரிஞ்சிருந்தும் சும்மா நின்னியே, நீயெல்லாம் நர்ஸா?"

அவள் அவன் கையை உதறினாள். அன்று மாலையே சான்றிதழ்த் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். 'இந்தச் சான்றிதழ் உங்களுக்கு ஏன் வேண்டும்?' என்ற கேள்விக்கு, 'இனி எந்த மகனிடமும் என்னால் கெஞ்ச முடியாது' என்று எழுதினாள்.