பனி முதலில் உருகும் சரிவு

அப்பா பாகம் பிரித்ததிலிருந்தே செவேரோவுக்கு வயிற்றெரிச்சல். குளிர்காலத்தில் அண்ணன் எர்மேத்தேயின் திராட்சைச் சரிவில்தான் பனி முதலில் உருகும். வெயில் நன்றாகப் பட்டு அப்படி உருகும் மண்ணில்தான் நல்ல பரோலோ ஒயினுக்கான திராட்சை விளையும் என்பது ஊரறிந்த கணக்கு.

"நம்ம ஒயின்தானே ருசியா இருக்கு," என்றாள் மனைவி. அவன் காதில் வாங்கவில்லை. அண்ணனை நச்சரித்து, சரிவுகளை மாற்றிப் பத்திரமே எழுதிக்கொண்டான்.

முதல் பனி விழுந்தது. புதிய சரிவு மூன்று நாளாகியும் வெள்ளையாகவே கிடந்தது. கொடுத்துவிட்ட சரிவிலோ அதற்குள் மண் தெரிந்தது.

"என்னண்ணே, நீ குடுத்த சரிவுல பனி உருகவே மாட்டேங்குது?"

"அடுப்புச் சாம்பல் தூவுனாத்தானே உருகும்? பத்து வருஷமா, நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நான் தூவிட்டு வந்துருவேன்," என்றார் எர்மேத்தே. "உன் பங்கு மேல எனக்கும் வயித்தெரிச்சல்தான்டா தம்பி."